அக்கா கொடுத்த மரச்சீனிக் கம்புகள்

எங்கள் அக்கா பாறசாலைக்கு அருகே, சபைப் பள்ளிக்கூடத்தின் பின்புறம் இருந்த வீட்டில் பிறந்தார்கள். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் என்னை வளர்த்தவர்களும் அவர்களே. குன்னத்துகாலில் வாழ்க்கைப்பட்டு, அத்தான் இளவயதில் மறைந்த பின், அரை ஏக்கர் மரச்சீனியை, அதாவது மரவள்ளிக் கிழங்கை, நம்பி இரண்டு பெண்மக்களைப் படிக்க வைத்தார்கள்.

அவர்களுடைய ஆராய்ச்சிக் குணம் உங்களுக்குத் தெரியும். எதைக் கண்டாலும் "இது எங்க இருந்து வந்ததாக்கும்?" என்று கேட்காமல் விட மாட்டார்கள். மிளகாய் கடல் கடந்து வந்தது என்று படித்த அன்று மீன்குழம்பை மறந்து என்னிடம் பேசிக்கொண்டே இருந்தார்கள், குழம்பு அடிப்பிடித்தது. மரச்சீனியும் பிரேசிலிலிருந்து வந்தது என்று அறிந்தபோது, "அங்க உள்ள ஏதோ ஒரு பெண்ணு குடுத்துவிட்ட கம்பாக்கும் இது" என்றார்கள். வீட்டுக்கு வந்த யாரையும் நடுவதற்கு ஒரு கட்டு கம்பு கொடுக்காமல் அனுப்பியதில்லை. காஞ்சிரங்குளத்துச் சித்தி வீடு முதல் மாநில எல்லைக்கு அப்பால் களியக்காவிளை வரை, அந்தக் கம்பு முளைக்காத உறவு வீடு குறைவு.

ஒரு வருடம் அந்த வீடுகளில் எல்லாம் இலை மஞ்சளித்துச் சுருண்டது. கிழங்கு விரல் பருமனில் நின்றுவிட்டது. கம்பு வழியாகப் பரவும் நோய், பிடுங்கி எரிப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றார் வேளாண் அலுவலர்.

யார் யாருக்குக் கம்பு போனது என்று விசாரிக்க அக்கா புறப்பட்டார்கள். ஸ்கூட்டர் ஓட்டியது நான். எங்களோடு பேச்சுவார்த்தை இல்லாத வீடுகளில் மட்டும் பயிர் பச்சையாக நின்றது. அந்தத் துக்கத்திலும் அக்காவுக்கு ஆச்சரியம் அடங்கவில்லை. "பாத்தியா மக்கா, இந்த நோயி தீனத்துக்கு நம்ம சொந்தக்காரங்க வீடெல்லாம் தெரிஞ்சிருக்கு" என்றார்கள்.

சித்தி வாசலிலேயே, "ஊருக்கெல்லாம் தீனம் குடுத்தவ வந்திருக்கா" என்றார்கள். "என் கம்புதான் சித்தி. நானே பிடுங்கித் தாறேன்" என்று அக்கா சேலையைச் செருகிக்கொண்டு தோட்டத்தில் இறங்கினார்கள். அதன்பின் சில வீட்டார் அக்காவைக் கல்யாணத்துக்குக்கூட அழைக்கவில்லை.

திரும்பும் வழியில் அக்கா என்னிடம், "எலே, போன வருசம் எனக்கு இந்தக் கம்பு நீ கொண்டு தந்ததாக்கும். எங்க எடுத்தே?" என்று கேட்டார்கள். என் மாமனார் தோட்டத்தில் எடுத்தது. அப்போது எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம்தான். அங்கே இலை மஞ்சளித்திருந்ததைக் கண்ணால் பார்த்தேன். உரக்குறை என்று நினைத்து, கிழங்கின் ருசிக்கு ஆசைப்பட்டு வெட்டி வந்தேன். அக்காவிடம் மறைக்காமல் சொல்லிவிட்டேன். அக்கா, "நீ வாயத் தொறக்காத. நம்ம வீட்டுக்கு வந்து கேறின புதுப்பெண்ணாலயாக்கும் எல்லாம்னு சொந்தக்காரங்க சொல்லுவினும்" என்றார்கள். நான் வாயைத் திறக்கவே இல்லை.

கடைசி நாள்களில் அக்கா சிறுநீரகம் பழுதாகிப் படுத்திருந்தபோதும், டயாலிசிஸ் மிஷினை முதலில் செய்தது எந்த நாட்டுக்காரர் என்று நர்ஸ்மாரைத் துளைத்தெடுத்தார்கள். அலுக்காமல் பதில் சொன்ன நர்ஸ்மாருக்கும், மாறி மாறித் துணையிருந்தவர்களுக்கும், ஜெபித்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அக்காவின் முதலாண்டு நினைவு நாளுக்கு இதை எழுத உட்கார்ந்தபோதுதான் என் மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். வெகுநேரம் அழுதாள். "எங்க அப்பா தோட்டம்னே எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன். சித்தியும் மற்றவர்களும் அக்காவைப் பேசியதை எல்லாம் இனி என்னைப் பேசுங்கள்.