தொப்பி போட்ட தாய்மாமன்

பதுளையில் அந்த வீட்டுக்கு ஊர் வைத்த பெயர் கூத்தாடி மடம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த டாக்டர் ஒருவரின் மனைவி அங்கே இருந்தார். அங்கே கூடுகிற எங்களுக்கெல்லாம் அவர் அக்கா. ஞாயிறு பின்னேரம் கூடத்தில் பெரிய பாயை விரிப்பார். ஆணும் பெண்ணும் அதில்தான் உட்கார வேண்டும். கதை வாசிப்போம், கவிதைக்காகச் சண்டை போடுவோம். அக்கா சுருட்டைப் பிடித்துக்கொண்டே தீர்ப்புச் சொல்வார். நானா என்று நாங்கள் கூப்பிடும் புடவைக்கடை முஸ்லிம் அண்ணன் பாட ஆரம்பித்தால் பக்கத்து வீட்டு ஜன்னல்கள் சாத்தப்படும். சாத்தட்டுமே! உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் என் அப்பா கணக்கப்பிள்ளை. நான் தோட்டப் பள்ளியில் டீச்சர். கொழுந்து நிறுக்கும்போது பெண்களை எப்படி ஏமாற்றுகிறார்கள் என்று ஒரு கதை எழுதி அந்தப் பாயில் வாசித்தேன். அது தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் காதுக்குப் போய்விட்டது. மகள் இனி அந்தக் கூட்டத்தோடு சேர்ந்தால் தோட்டத்து வீட்டைக் காலி செய் என்று அப்பாவிடம் சொன்னார். தராசுக்குப் பக்கத்தில் நின்று, துரை சொன்னபடி எடையைக் குறைத்து எழுதுகிறவர் அப்பாதான். அவர் என் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்.

நான் வராததால் அக்கா ஆள் அனுப்பி விசாரித்தார். அனுமதி இல்லாமல் வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாது. ஆனால் நல்லது கெட்டதுக்கு வருகிற சொந்தக்காரரைக் காவல்காரன் மறிக்கமாட்டான். அது தோட்டத்து வழக்கம். அண்ணன் மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தோம். பிள்ளையின் தாய்மாமன் இந்தியாவுக்கே போய்விட்டதால், யார் மடியில் உட்காரவைப்பது என்று அண்ணி அழுதுகொண்டிருந்தாள். அதைக் கேட்டதும் அக்கா, "அப்ப நாங்கள்தான் மாமன் வீட்டுக்காரர்" என்று சொல்லியனுப்பினார்.

காதுகுத்து அன்று அக்காவும் கூட்டத்தாரும் சீர்த்தட்டோடு வந்து இறங்கினார்கள். பட்டுப் பாவாடை கொண்டுவந்த நானா, தொப்பியைக்கூடக் கழற்றாமல், பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டார். காது குத்தி முடிந்ததும் அக்கா வாசலில் பாயை விரித்தார். லயத்து வரிசை வீடுகளின் சனமெல்லாம் கூடிவிட்டது. "இப்ப உம்மட கதையை வாசியும்" என்றார் அக்கா. தராசுக் கதையை எடுத்தேன். பாதியில் துரையின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. வாசிப்பதை நிறுத்தித் தாளை மடித்தேன்.

துரை நானாவைச் சுட்டி, யார் இந்த ஆள் என்று அப்பாவிடம் கேட்டார்.

"பிள்ளைக்குத் தாய்மாமங்க, தொர" என்றார் அப்பா. பிறகு, எத்தனையோ நாளைக்குப் பின், என்னைப் பார்த்தார். "நீ ஏம்மா நிறுத்திட்ட? வாசி. தராசுகிட்ட நின்னவன் கேக்குறேன், வாசி."

வாசித்தேன். துரை இருந்தாரா போனாரா என்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வீடு போனதா என்று கேட்பீர்கள். போனது, அப்பாவின் வேலையும் போனது. போகட்டும்! பதுளையில் அக்கா வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஓர் அறை பிடித்தோம். அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு முன்னால் போய்ப் பாயில் இடம் பிடித்துக்கொள்கிறவர் அப்பாதான்.