இன்னொரு வேட்

வேட் கெண்டலுக்கு அறுபத்தொரு வயது. அவர் ஓர் இடத்தில் பத்து நிமிஷம் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. பால் லாரி, கூரை வேலை, கடைசியில் டவுன் பஸ் என்று ஓடிக்கொண்டே இருந்த மனுஷன். இங்கிலாந்தின் மோர்கம் விரிகுடாக் கரையில் பிறந்தும் இறால் பிடிக்க மட்டும் போனதில்லை.

வேட் என்றால் அந்த ஊர்ப் பழைய பாஷையில் போவது. தண்ணீரில் இறங்கி நடப்பதற்கு இன்றைக்கும் அதே சொல்தான். கடல் உள்வாங்கியதும் மணலில் இறங்கி இறால் அள்ளும் குடும்பத்துக்குப் பொருத்தமான பேர்தான். ஆனால் அது முதலில் இவருடையதல்ல. ஆறு வயதில் கடல் கொண்டுபோன அண்ணனுடையது. மறு வருஷம் பிறந்த இவருக்கு அதையே வைத்துவிட்டார்கள். செத்த பிள்ளையின் பேரை அடுத்ததற்கு வைப்பது அந்தக் குடும்பத்து வழக்கம். ஞாயிறுதோறும் தன் பேர் செதுக்கிய கல்லறையைத் தாண்டித்தான் இந்த இரண்டாவது வேட் சின்ன வயதில் சர்ச்சுக்குப் போனான். இதைக் கொடுமை என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

இன்றைக்கு மகள் ஹெட்டியோடு பதிவு அலுவலகத்துக்கு வந்திருக்கிறார். குழந்தை பிறந்து நாற்பத்திரண்டாம் நாள். பேர் பதியக் கடைசி நாள்.

"அப்பா, கொஞ்சம் உக்காருங்களேன். பாக்கறப்பவே எனக்குத் தலை சுத்துது."

"ஆறு வாரமா பிள்ளைய உருளைக்கிழங்குன்னு கூப்பிட்டுக்கிட்டிருக்க. என்ன பேருன்னு இப்பவாவது சொல்லித் தொலையேன்."

"வேட்."

அவர் அப்படியே நின்றுவிட்டார்.

"வேணாம்மா. அது செத்தவன் பேரு. அதைச் சுமந்துக்கிட்டு நான் பட்டது போதும். உன் பிள்ளைக்காவது அவனுக்குன்னு ஒரு பேரு இருக்கட்டும்."

ஹெட்டி வாயைத் திறப்பதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். அவரும் பின்னாலேயே போனார். கல்லில் இருக்கும் பேரை இன்னொரு பிள்ளை தலையிலும் கட்டிவிடுவாளோ என்ற பயம்.

பதிவு செய்யும் அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "பேரு?"

"வேட்."

"அழகான பேரு. யார் ஞாபகமா வைக்கிறீங்க?"

"ஞாபகத்துக்கெல்லாம் இல்லைங்க," என்றாள் ஹெட்டி. "அந்தப் பேருல எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர்தான். எனக்கு வலி வந்தப்ப பஸ்ஸ டிப்போவுல போட்டுட்டு யூனிஃபார்மோட ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தவரு. இதோ நிக்கிறாரே, இவரு."

கெண்டல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, வெட்கத்தை விட்டு அழுதார்.