மரம் நடுவதற்காக வெட்டிய புங்கமரம்

நான் வாத்தியாராகப் போன முதல் ஊர் காரிமங்கலத்திலிருந்து நான்கு மைல் உள்ளே இருந்தது. அப்போது அந்தப் பக்கமெல்லாம் சேலம் ஜில்லா. யுத்தம் நடந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடம் என்பது ஓடு வேய்ந்த ஒரே அறை. பங்குனி பிறந்துவிட்டால் உள்ளே உட்கார முடியாது. வாசலில் நின்ற பெரிய புங்கமரத்தின் அடியில்தான் எல்லா வகுப்புகளும் நடந்தன. நான் சேலம் டவுனில் வளர்ந்தவன், மரங்களைப் புத்தகத்தில் படித்துத் தேறியவன். அது புங்கமரம் என்பதையே பிள்ளைகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அந்தப் பங்குனியில் கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. ஒரு வாரம் மரங்களின் பயனைப் பிள்ளைகளுக்குப் போதிக்க வேண்டும். வாரக் கடைசியில் கனி தரும் மரக்கன்று ஒன்றை நட வேண்டும். இன்ஸ்பெக்டர் நேரில் வருவார். கன்று நட ஆடி மாதம் வரை பொறுக்க வேண்டும் என்று அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். உத்தரவுக்குத் தெரியவில்லை. அதைக் கேட்கும் வயதோ தைரியமோ எனக்கு இல்லை.

போதித்தேன். புங்கமரத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு கரும்பலகையில் ஒரு மாமரம் வரைந்தேன். மரம் நிழல் தரும், கனி தரும், மழை தரும் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல, பிள்ளைகள் கூடவே சொன்னார்கள். தலைக்கு மேலே புங்கம்பூ உதிர்ந்து சிலேட்டுகளில் விழுந்துகொண்டிருந்தது. அதை ஊதிவிட்டுத்தான் அவர்கள் எழுதினார்கள்.

நாலாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். காலையில் வீட்டு ஆடுகளை மேய்ச்சலுக்கு ஓட்டிவிட்டுத்தான் பள்ளிக்கு வருவாள். எந்தத் தழையை ஆடு தின்னும், எதைத் தின்னாது என்பது அவளுக்கு வாய்ப்பாட்டைவிட நன்றாகத் தெரியும். அவள் எழுந்து சொன்னாள்: "மாங்கன்னு வெச்சா ஆடு மேஞ்சுடுமுங்க சார். புங்கங்கொட்டை போடலாமுங்க. புங்கந்தழைய ஆடு தொடாதுங்க."

உத்தரவில் கனி தரும் மரம் என்று போட்டிருப்பதை அவளுக்கு விளக்கினேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். பாடத்தை ஒழுங்காக நடத்திவிட்ட திருப்தி எனக்கு.

ஊர் மணியக்காரர் நல்ல மனிதர். எனக்குத் தங்க இடம் கொடுத்தவர் அவர்தான். இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றதும் என்னைவிட அவர்தான் பரபரப்பானார். அதிகாரியை வெயிலில் நிறுத்தினால் ஊருக்கு அவமானம், பந்தல் போட வேண்டும் என்றார். மூங்கில் வாங்க வெகுதூரம் போக வேண்டும். அதற்கு நாளும் இல்லை, வண்டியும் இல்லை. புங்கமரத்தை அண்ணாந்து பார்த்தார். கவட்டையான கிளைகள் பந்தல்காலுக்கு வாகாக இருக்கும், மேலே போட அதன் தழையே ஆகும் என்றார். ரெண்டு கிளைதானே, எடுத்துக்கொள்ளுங்கள் என்று நானும் சொல்லிவிட்டு, தோரணக் காகிதம் வாங்கக் காரிமங்கலம் சந்தைக்கு நடந்தேன். எனக்காக ஊரே பந்தல் போடுகிறது என்ற பெருமை நாலு மைலும் கூடவே வந்தது.

சாயங்காலம் திரும்பியபோது புங்கமரம் தரையில் கிடந்தது. முதலில் இரண்டு கிளைகளைத்தான் வெட்டினார்களாம். பந்தலுக்குப் போதவில்லை என்று இன்னும் நான்கு. பிறகு மொட்டையாக நின்ற மரம் பார்க்க அசிங்கமாக இருந்ததாம். மரத்தைப் பற்றிப் பேச வருகிற அதிகாரியின் கண்ணில் அப்படியொரு மரம் படலாமா என்று அடியோடு சாய்த்துவிட்டார்கள்.

"உங்க பேரு கெட்டுடக் கூடாது பாருங்க" என்றார் மணியக்காரர். உண்மையாகவே என் நன்மையைத்தான் நினைத்திருந்தார். அவரிடம் கோபப்பட வழியே இல்லை.

ஆடு ஓட்டி வந்த அந்தப் பெண் நின்று கேட்டாள்.

"மரத்த எதுக்குங்க சார் வெட்டிட்டாங்க?"

"மரம் நடறதுக்கு" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே கேட்டது. அவள் சிரிக்கவில்லை. விழுந்து கிடந்த மரத்தைச் சுற்றிக்கொண்டு ஆடுகளை ஓட்டிப் போனாள்.

ராத்திரியோடு ராத்திரியாக அடிமரத்தை உருட்டி அப்புறப்படுத்தி, வேர்க்கட்டையை மண் போட்டு மூடிவிட்டார்கள். மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்தார். பெட்ரோல் கிடைக்காத அந்தக் காலத்தில் அடுப்புக்கரியை எரித்து ஓடிய கரிபஸ்ஸில் காரிமங்கலம் வந்து, அங்கிருந்து மாட்டுவண்டியில். புங்கந்தழைப் பந்தலின் குளிர்ச்சியில் உட்கார்ந்து இளநீர் குடித்துவிட்டு, மரம் மனிதனின் நண்பன் என்று முக்கால் மணி நேரம் பேசினார். பந்தலில் இடம் போதாததால் பிள்ளைகள் வெயிலில் நின்று கேட்டார்கள். பேச்சு முடிந்ததும், நாம் ஏன் மரம் நட வேண்டும் என்று அவர்களைக் கேட்டார். அந்தப் பெண் மட்டும் கை தூக்கினாள்.

"இருந்த மரத்த வெட்டிட்டமுங்க. அதனாலங்க."

இன்ஸ்பெக்டர் முகம் மலர்ந்தது. காடு அழிவதைப் பற்றிச் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டார். இவ்வளவு ஆழமான பதிலை எந்தப் பள்ளியிலும் கேட்டதில்லை என்று என் தோளைத் தட்டினார். பிள்ளைகள் கைதட்டினார்கள். மாங்கன்றை நட்டு ஒரு செம்பு தண்ணீரும் ஊற்றினார்.

புறப்படும் முன் பார்வைக் குறிப்பேட்டில் எழுதினார். போதனை சிறப்பு, ஆனால் பிள்ளைகள் வெயிலில் வாடுகிறார்கள், வளாகத்தில் நிழல்மரம் ஒன்றுகூட இல்லை, ஆசிரியர் இத்தனை நாள் இதைக் கவனிக்காதது ஏன், விளக்கம் தேவை.

மாங்கன்றை நான்காம் நாள் ஆடு மேய்ந்தது. அந்தப் பெண்ணின் ஆடு அல்ல, மணியக்காரர் வீட்டு ஆடு. விளக்கத்தில், மரம் ஒன்று இருந்தது, காற்றில் விழுந்துவிட்டது என்று எழுதி அனுப்பினேன். அந்த வாரம் ஓர் இலைகூட அசையவில்லை. உள்ளே உட்கார்ந்தால் வேக்காடு, வெளியே உட்கார்ந்தால் வெயில். சித்திரை முழுக்கக் காலை ஏழு மணிக்கே தொடங்கி ஒன்பதரைக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டேன். என் தவறுக்கு அவர்கள் வேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த கடிதம் வைகாசியில் வந்தது. புறம்போக்கில் விழுந்த மரம் சர்க்கார் சொத்து. கட்டை எங்கே என்று கேட்டிருந்தது. அடிமரத்தை மணியக்காரர் எப்போதோ கரிச்சூளைக்குக் கொடுத்திருந்தார். அது எந்த பஸ்ஸின் அடுப்பில் போயிற்றோ.

மணியக்காரர், காற்றில் விழுந்ததை வெள்ளம் கொண்டுபோயிற்று என்று எழுதச் சொன்னார். அந்த ஊரில் ஓடையே கிடையாது என்றேன். "அவுங்களுக்கு அது தெரியவா போவுதுங்க?" என்றார்.

அவர் சொன்னது சரிதான், தெரியப்போவதில்லை. ஆனாலும் அன்று பள்ளிக்கூடம் விட்ட பிறகு உட்கார்ந்து நடந்ததை நடந்தபடி எழுதினேன். மரம் காற்றில் விழவில்லை, விழாவுக்காக வெட்டப்பட்டது, என் சம்மதத்தோடு வெட்டப்பட்டது என்று எழுதினேன். பந்தல் யார் யோசனை என்பதை எழுதவில்லை. கன்று பிழைக்காது என்று ஒரு மாணவி முன்பே சொன்னதையும், நான் கேட்காததையும் சேர்த்தேன். அலுவலகம் அதைக் கேட்கவில்லைதான்.

பதிலுக்கு விளக்கம் எதுவும் கேட்கவில்லை, மாற்றல் வந்தது. இன்னும் உள்ளொடுங்கிய ஏரியூர்ப் பக்கம் போ என்றார்கள். தண்டனை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். மணியக்காரர் மிகவும் வருத்தப்பட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் கடிதத்தைத் தபால்காரரிடம் கொடுத்துவிட்டு வந்த அன்று, பொய் எழுதிய நாளிலிருந்து ஓர் உருண்டைகூடச் சரியாக இறங்காதவன், இரண்டு களியுருண்டை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.