நாமக்கல் பஸ்ஸும் கரூர் பஸ்ஸும்

நயா பைசா புதிதாக வந்திருந்த வருஷம் என் அப்பா இறந்துபோனார். பரமத்தி வேலூரில் அது தெரியாதவர் ஒரே ஒருவர்தான்: அப்பாவின் தம்பி, என் சித்தப்பா. அவருக்கு வயது முப்பது. புத்தி மட்டும் ஆறேழு வயதோடு நின்றுவிட்டது.

கொடிக்கால் வெற்றிலையை நாமக்கல்லில் விற்றுவிட்டு அப்பா சாயங்கால பஸ்ஸில் திரும்புவார். காலிக் கூடையை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவது சித்தப்பாவின் உத்தியோகம். அதில் அவர் ஒருநாளும் லீவு போட்டதில்லை.

முகத்தைப் பார்த்தால் பயந்துகொள்வோம் என்று, சாவன்று என்னையும் சித்தப்பாவையும் மோகனூரில் தூரத்து உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மற்றவர்கள் வாய்க்கரிசி போட்ட நேரத்தில் நாங்கள் பனங்கிழங்கு தின்றுகொண்டிருந்தோம். திரும்பி வந்ததும் எனக்கு விஷயத்தைச் சொன்னார்கள். சித்தப்பாவிடம் மட்டும், அண்ணன் நாமக்கல் போயிருப்பதாகச் சொன்னார் பெரியப்பா.

மறுநாள் காலையிலேயே சித்தப்பா பஸ் நிற்கும் இடத்துக்குப் போய்விட்டார். துணைக்கு என்னை அனுப்பினார்கள். அவர் தவிப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் யாரோ, அண்ணன் கரூர் போயிருக்கலாம் என்று சொல்லிவைக்க, பாடு இரண்டு மடங்காயிற்று. எந்தப் பக்கம் ரப்பர் பந்து ஹாரன் கேட்டாலும் ஓடுவார். பின்னாலேயே நானும் ஓடுவேன். கண்டக்டர்கள் எல்லாரும் அடுத்த வண்டியில் வந்துவிடுவார் என்றார்கள். பொய் சொல்வதில் எங்கள் ஊர் அவ்வளவு தாராளமாக இருந்து நான் பார்த்ததில்லை.

ஹாரன் கேட்டால் சித்தப்பா பிசைந்த சோற்றை அப்படியே விட்டு எழுந்துவிடுவார். உடம்பு பாதியாகிவிட்டது. ஒருநாள் புறப்பட்ட பஸ்ஸின் படியில் தொற்றி விழுந்து இரண்டு முழங்காலும் சிராய்த்துக்கொண்டார்.

அம்மா காயத்தைக் கழுவினாள். மறுநாள் காலை முந்தானையில் அரிசி முடிந்துகொண்டு எங்கள் இருவர் கையையும் பிடித்தாள். பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. புருஷனை இழந்து மாதம்கூட ஆகாதவள் வாசலே தாண்டக் கூடாது. பெரியப்பா மறித்துக்கொண்டு நின்றார்.

"இதுக ரெண்டும் பஸ்ஸையே பாத்துக்கிட்டு நிக்குதுங்க. வழி உடுங்க" என்றாள் அம்மா.

ஆற்றோரத்தில் மண் ஓரிடத்தில் மட்டும் கறுத்துக் கிடந்தது.

"உங்கண்ணன் செத்துப்போச்சு சாமி. இங்கதான் எரிச்சாங்க. இனி எந்தப் பஸ்ஸுலயும் வராது."

சித்தப்பா அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"அப்ப, கூடை?"

"கூடை நம்மூட்டுல இருக்குது. நாளையிலிருந்து கொடிக்காலுக்கு நீதான் தூக்கியாரோணும்."

அவர் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அம்மா அழாதே என்று சொல்லவில்லை, அழுது ஓயும்வரை பக்கத்திலேயே இருந்தாள். பிறகு அவர் கையில் அரிசி கொடுத்தாள், என் கையிலும் கொடுத்தாள். அவர் கறுத்த மண்ணில் தூவினார். நான் யாரும் பார்க்காமல் பாவாடை முனையில் முடிந்துகொண்டேன். அம்மாமேல் எனக்கு ஆத்திரமான ஆத்திரம். எதற்கு என்று அப்போது தெரியவில்லை.

மறுநாள் சாயங்காலம் நாமக்கல் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. கூடையைக் கழுவிக்கொண்டிருந்த சித்தப்பா தலையைத் தூக்கவில்லை.

நான் ஓடினேன். இறங்கியவர்களின் முகத்தையெல்லாம் கடைசி ஆள்வரை பார்த்தேன். பாவாடை முடிச்சில் அரிசி அப்படியே இருந்தது. அம்மா அந்த இடத்தில் சொன்னது சித்தப்பாவுக்கு மட்டும்தான் என்று அதுவரை நான் நினைத்திருந்தேன்.