எட்டி நில்லுங்க

நம்ம கோயில் அம்மாளை நம்பியிருக்கிற சகோதரிகளே, அவள் என் மகளைக் காப்பாற்றிக் கொடுத்ததைச் சொல்லத்தான் வந்தேன். ஆனால் என் பயம் செய்த வேலையை மறைத்துவிட்டால் அது பாதிக் கதை.

அறுபதுகளின் தொடக்கம். என் வீட்டுக்காரர் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கிக்கொண்டிருந்தார். எங்கள் பேச்சில் அது வெறும் மருந்துதான். சாயங்காலம் உடம்பெல்லாம் வெள்ளியாய் மினுங்க வருவார். மருந்து ஒட்டிய சட்டையோடு அடுப்புப் பக்கம் வரக்கூடாது என்று நான் பயந்ததில் தப்பில்லை. கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் வாசல்படி ஏறுவார். அதோடு நான் விட்டிருக்கலாம். குளித்து வந்த பிறகும் நகக்கண்ணைப் பார்ப்பேன். அங்கே கொஞ்சம் மினுங்கும்.

"பிள்ளையத் தொடாதீக. எட்டி நில்லுங்க" என்பேன்.

"நகத்துல ஏறினது போகாது புள்ள. அதுக்கு நான் என்ன செய்ய?" என்று ஒருநாள் கேட்டார். நான் பிள்ளையை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டேன். அப்புறம் அவர் கேட்கவே இல்லை. மகள் செல்விக்கு ஆறு வயது ஆகும்வரை அவர் அவளைத் தூக்கியதில்லை.

அந்த மாசியில் செல்விக்கு அம்மை போட்டது. வேப்பிலைமேல் கிடந்தாள். மூன்றாம் நாள் கண் திறக்கவில்லை. வாயில் விட்ட இளநீர் கடைவாய் வழியே வழிந்தது. வாசலில் நின்றபடி அவர் கேட்டார்: "ஒருதரம் தொட்டுப் பாத்துக்கிடட்டுமா?"

வேண்டாம் என்றேன். பிள்ளை சாகக் கிடந்தபோதும் அப்படித்தான் சொன்னேன். நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்காது.

பிறகு தரையில் விழுந்து கதறினேன். "தாயே, பிள்ளையக் குடு. பங்குனிக்கு உனக்கு அக்கினிச்சட்டி எடுக்கேன்." சொன்ன பிறகுதான் உறைத்தது. தீக்குச்சி உரசவே பயப்படுகிறவள் நான்.

மறுநாள் காலையில் செல்வி தண்ணீர் கேட்டாள். தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றியதும் எழுந்து நடந்தாள்.

பங்குனிப் பொங்கலன்று சட்டியை இரண்டு கையிலும் ஏந்திக் கோயிலுக்கு நடந்தேன். செல்வி என் பக்கத்தில் வந்தாள். அவர் பழக்கப்படி பத்தடி தள்ளி வந்தார். பாதி வழியில் தார் ரோடு சுட்டுப் பிள்ளை அழுதாள். "அம்மா, தூக்கு."

என் கையில் நெருப்பு. திரும்பி, "இங்கன வாங்க, பிள்ளையத் தூக்குங்க" என்றேன்.

அவர் ஓடிவந்து கை நீட்டினார். செல்வி இரண்டடி பின்னால் போனாள்.

"எட்டி நில்லுங்கப்பா. மருந்து."

என் குரல் அப்படியே. நீட்டிய கையை அவர் மெல்ல இறக்கிக்கொண்டார். கையிலிருந்த சட்டி என்னைச் சுடவில்லை. அந்தச் சொல் சுட்டது.

"ஒண்ணும் ஆகாது தாயி. அப்பாட்டப் போ. அம்மாதான் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன்" என்று நடுத்தெருவில் எல்லார் முன்னாலும் சொன்னேன். போனாள். அவர் தூக்கியதும் முதலில் விறைப்பாகவே இருந்தாள். கோயில் வருவதற்குள் அவர் தோளில் தலையைச் சாய்த்துவிட்டாள். அவர் துண்டால் கண்ணைத் துடைத்ததை மட்டும் பார்த்தேன்.

நான் கேட்டதையும் அம்மாள் கொடுத்தாள், கேட்கத் தெரியாததையும் கொடுத்தாள். அந்த ஆறு வருடத்தை மட்டும் திரும்பக் கேட்க எனக்கு வாயில்லை. அதற்குப் பிறகும் அவர் வேலைக்குப் போகும்போது பயம் வரும். அதை அவள் காலடியில் வைத்துவிட்டு, அவர் திரும்பி வந்து குளித்ததும் பிள்ளையைக் கையில் கொடுப்பேன்.

உங்கள் வீட்டிலும் பயத்தால் யாரையாவது எட்ட நிறுத்தியிருப்பீர்கள். அவள்மேல் பாரத்தைப் போட்டு இன்றைக்கே கிட்டே கூப்பிடுங்கள். என்னைப் போலப் பங்குனிவரை காத்திருக்க வேண்டாம்.