பஸ் நிலையத்துப் பள்ளமும் இருதயராஜ் அண்ணனும்

இருதயராஜ் அண்ணன் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் ரம்புக்கனையில் ரயிலுக்குக் காத்திருந்தேன். நகரசபை டிரைவர் போனில் அழுதார். முந்தைய நாள்தான் அண்ணனோடு சண்டை போட்டிருந்தேன். நெஞ்சு வலிக்கிறது என்றும் சொல்வார், ஆஸ்பத்திரிக்கும் வரமாட்டார் என்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? அவரைத் தெரிந்த உங்களுக்கு நான் சொல்வது புரியும்.

சபையில் அவர் தொழில்நுட்ப உத்தியோகத்தர், நான் வடிகால் பிரிவு. மழை பெய்தால் பஸ் நிலையத்துச் சிமெந்துத் தரையில் விழுவதெல்லாம் கீழே ஆற்றோரத் தெருவுக்குள் இறங்கும். நான் தண்ணீர் ஓடும் கானை அகலமாக்கக் கேட்டேன். அவர் பஸ் நிலையத்து ஓரமாகப் பள்ளம் வெட்டிச் செடி நடக் கேட்டார். வருஷக்கணக்காக இதே சண்டைதான். "கான அகலமாக்குனா தண்ணி இன்னும் வேகமாப் போயி அந்தச் சனங்க வீட்டுக்குள்ளதான் விழும் தங்கச்சி. இங்கயே புடிச்சு வைக்கணும்" என்பார். கடைசியில் அவர் பிடிவாதம்தான் வென்றது. பள்ளத்தில் கல்வாழையும் கோரையும் தழைத்தன. அந்த மழைக்காலம் தெருவுக்குள் தண்ணீர் வரவில்லை.

நிம்மதியாக விட்டார்களா? கொழும்பிலிருந்து யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று ஒரே காலையில் எல்லாவற்றையும் மொட்டையடித்துவிட்டார்கள். சபையின் வேலையாட்களில் பாதிப்பேர் யட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்கள். புல் தெரிந்தால் கங்காணி ஏசுவார், வெறும் மண் தெரிந்தால்தான் சுத்தம் என்பது அவர்கள் கையில் ஊறிப்போன பழக்கம். அண்ணனும் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவர்தான், இருந்தும் அன்று அவர் போட்ட சத்தத்தில் பஸ்ஸில் இருந்தவர்கள் இறங்கி வந்து பார்த்தார்கள்.

"பள்ளம் இருக்குதானே அண்ணே, எதுக்கு இவ்வளவு கோபம்?" என்று கேட்டுத் தொலைத்தேன். என் பக்கம் திரும்பிவிட்டார். "இது களிமண்ணு. தண்ணி கீழ எறங்கவே எறங்காது. வேரு உறிஞ்சி, எல அத வெயில்ல விட்டாத்தான் மண்ணு காயும். மண்ணு காஞ்சாத்தானே அடுத்த மழைக்கு எடம்? நெறஞ்ச வாளியில தண்ணி ஊத்துவீங்களா நீங்க?" அவர் சொன்னபடியே ஆனது. அடுத்தடுத்து இரண்டு மழை. முதல் மழையின் தண்ணீரே பள்ளத்தில் சேறாகக் கிடக்க, இரண்டாவது மழை நேராகத் தெருவுக்குள் போனது. அதன்பிறகு, "இந்தப் பக்கம் மம்பட்டியோட வந்தா பாருங்க" என்று போகிற வருகிறவர்களிடம் எல்லாம் உறுமிக்கொண்டே இருந்தார். செடிகள் மறுபடி வளர்ந்தன.

அடக்கத்தன்று அவர் உடலைச் சபைக்குக் கொண்டுவருவதாக ஏற்பாடு. காலையில் பஸ் நிலையத்தில் இறங்கினேன். பள்ளம் துடைத்துவிட்ட மாதிரி கிடந்தது. ஒரு இலை இல்லை. வெறும் மண்ணில் வரிசையாகத் துக்கத்துக்கு வெள்ளைக் கொடி நட்டிருந்தார்கள்.

வேலையாட்களின் தலைவர் மருதை அழுதுகொண்டே வந்தார். "ஐயா வர்ற வழிங்க. காடா கெடந்தா நல்லாவா இருக்கும்? விடியுமுன்னயே வந்து நாங்களே வெட்டிட்டோம்ங்க. யாரும் சொல்லலை."

அன்போடு செய்தவர்களை என்ன சொல்லி ஏசுவது? ஆனாலும் ஏசினேன். சபை வாசலில் வண்டியிலிருந்து சவப்பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தபோதே, "அறிவிருக்கா உங்களுக்கு? வானத்தைப் பாருங்க, எப்படி இருட்டிக்கிட்டு வருதுன்னு!" என்று கத்தினேன். துக்கம் தாங்காமல் கத்துகிறேன் என்று நினைத்து இரண்டு பெண்கள் என்னை அணைத்துப் பிடித்துக்கொண்டார்கள். அதில் ஒருத்தி ஆற்றோரத் தெருக்காரி. கையில் அவருக்கென்று கொண்டுவந்த பூ இருந்தது.

மகா பிடிவாதக்காரர். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கோபம் ஒன்றுதான், அதை நான் விடப்போவதில்லை. கல்வாழைக் கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறது, தளிர்க்கும். அடக்கம் முடிந்ததும் நான் வீட்டுக்குப் போகவில்லை. ஆற்றோரத் தெருவில் வீடு வீடாக ஏறி, கட்டில்களை உயர்த்தி வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.