அக்கரை என்றால் எவ்வளவு தூரம்

எங்கள் பக்கத்தில் ‘அக்கரை’யைப் போல மோசம் செய்கிற சொல் வேறு கிடையாது. பாளையங்கோட்டைக்காரருக்கு ஆற்றுக்கு அந்தப்புறம் இருக்கும் திருநெல்வேலி அக்கரை. கொழும்பும் அக்கரை. பினாங்கும் ரங்கூனும்கூட அக்கரைதான். என் கல்யாணத்தைப் பேசி முடித்த தரகர், “மாப்பிள்ளைக்கு அக்கரையில யாவாரம், அண்ணாச்சி” என்றார். எந்த அக்கரை என்று அப்பா கேட்கவில்லை. மாடு வாங்கப் போனால் வாயைப் பிளந்து பல்லைப் பார்க்கிற மனிதர், பெண்ணைக் கொடுக்கும்போது இதைக் கேட்கவில்லை.

கொழும்பு என்று அவராகவே முடிவு கட்டினார். “தூத்துக்குடியில சாயங்காலம் கப்பல் ஏறினா விடிஞ்சதும் கொழும்பு” என்று ஊரெல்லாம் அளந்தார். என்னைத் தூரத்தில் கொடுக்க மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்ற அம்மா அதைக் கேட்டுத்தான் சம்மதித்தாள்.

திருநெல்வேலி ஸ்டேஷனுக்கு வழியனுப்ப வந்தவள், “தலைவலின்னாலும் சொல்லி அனுப்புட்டி, மறுநாளே வந்து நிப்பேன்” என்றாள். மணியாச்சியில் இறங்கி வண்டி மாற வேண்டும். தூத்துக்குடி வண்டி தயாராக நின்றது. என் வீட்டுக்காரரோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு மெட்ராஸ் வண்டிப் பக்கம் நடந்தார்.

“கொழும்புக்கு இங்கனல்லா ஏறணும்?” என்றேன்.

“கொழும்பா? நம்ம கடை ரங்கூன்லல்லா இருக்கு. கல்யாணத்தன்னைக்கே ஒங்க அப்பாட்ட சொன்னேனே!”

அவர் மேல் குற்றமில்லை. தெரிந்த பிறகும் பந்தலில் வாயை மூடிக்கொண்டு சந்தனம் கொடுத்தவர் அப்பா. மெட்ராஸ் வரை ரயில், அப்புறம் நாள்கணக்கில் கடல். வாந்தி எடுத்து எடுத்துக் குடல் வெளியே வந்துவிடும் போலிருந்தது. அதைவிட வயிற்றெரிச்சல்தான் அதிகம்.

மறு வருஷமே அம்மாவுக்கு உடம்பு மோசம் என்று தந்தி வந்தது. அடித்த மறுநாளே தந்தி வந்துவிட்டது. எனக்கோ அடுத்த கப்பலுக்குக் காத்திருக்கவே நான்கு நாள் ஆயிற்று. நான் வீடு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, அம்மா படுத்திருந்த இடத்தைக் கழுவி விட்டிருந்தார்கள்.

எதிர்வீட்டு மதினி என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “கொழும்புல இருந்து வர இம்புட்டு நாளாட்டி?” என்றாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. என் கடிதங்களை அவளுக்கு வாசித்துக் காட்டியவர் அப்பா. ரங்கூன் என்ற பேச்சையே அவர் அவள் காதில் போடவில்லை. ஏன் என்று கேட்டேன்.

“பக்கத்துலதான் இருக்கான்னு நெனச்சு நிம்மதியா இருந்துட்டுப் போகட்டும்னுதான்.”

நிம்மதியாம்! கண்மூடும் மட்டும் அவள் வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தாளாம். கூடவே இருந்து கஞ்சி ஊட்டிய மதினியிடம் கடைசியாக அவள் சொன்னது இதுதான்: “இந்தா இருக்கிற கொழும்புல இருந்து பெத்தவளப் பாக்க வரலியே. அவளுக்கு எம்புட்டுக் கல்நெஞ்சு பாத்தியா?”